பதிவேட்டில் உள்ள வயது

திருமங்கலம்
14.2.2024

அன்புத் தங்கை முத்துத்தாய்க்கு,

அக்கா கனகலட்சுமி எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உன் காது எப்படி? போன் போட்டால் உன் காது மிஷின் கீச்சிடுகிறது. நான் ஒன்று சொல்ல நீ ஒன்று கேட்டுக்கொண்டு சிரிக்கிறாய். அதனால்தான் கடிதம்.

இதைக் கொண்டுவரும் பெண் பாண்டிச்செல்வி. நான் தலைமையாசிரியையாக இருந்த ஊரில் முதல் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவள். கூட வருவது அவள் தாய் சுந்தரம்மாள். கையில் இருப்பது ஆறு மாதப் பெண் குழந்தை. புருஷன் செல்வக்குமார் லாரி ஓட்டுகிறான். அடிக்கிற ஆள் இல்லை. வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவான். "கோழியக் கூட பகல்ல திறந்துதான டீச்சர் விடுறோம்" என்று சுந்தரம்மாள் என்னிடம் அழுதாள். போன வாரம் குழந்தைக்கு ஜுரம் கண்டு துவண்டபோது மாமியார் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். இவள் ஜன்னல் வழியாகக் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கம்பியால் பூட்டை நெம்பித் திறந்தார்.

அப்பன் மலைச்சாமி மகளைத் திரும்ப அங்கேயே விடப் பார்த்தான். நான்தான் தடுத்து உன்னிடம் அனுப்புகிறேன். போக்கிடம் இல்லாத இளம் தாய்மாரை உங்கள் சன்மார்க்க சங்கத்தார் ஆறு மாதம் வைத்துச் சோறு போடுவார்கள் என்று நீ சொல்வாயே, அந்த ஆறு மாதம் இவளுக்குக் கிடைக்கட்டும். வயது இருபது. பள்ளிச் சான்றிதழ்கள் பையில் இருக்கின்றன.

நேரத்துக்கு மாத்திரை போடு. நர்ஸ் வேலை பார்த்தவர்கள்தான் மாத்திரையை மறப்பார்கள்.

உன் அக்கா
கனகலட்சுமி

---

தாய்சேய் இல்லம், அழகர்கோவில் ரோடு
26.2.2024

அன்புள்ள அக்காவுக்கு முத்துத்தாய் வணக்கம். மாத்திரை போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய பிள்ளை வந்து சேர்ந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு அறை, கொடியில் ஒரு தூளி. காலையில் விளக்கேற்றி எல்லோரும் பத்து நிமிஷம் உட்கார வேண்டும், பிறகு அடுப்படி வேலை. முதல் ரெண்டு நாள் அறைக் கதவைச் சாத்தவே விடவில்லை. குளிக்கும்போதும் லேசாகத் திறந்தே வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் என்னிடம் வந்து மெதுவாக, "சிஸ்டர், பால் ஊற எங்க ஊர்ல சுறாப்புட்டு குடுப்பாக. இங்க கருவாடாச்சும் கெடைக்குமா?" என்றாள். சங்கத் தலைவர் கண்ணுச்சாமி ஐயா பின்னாலேயே நின்றிருந்தார். முட்டை ஓடு கிடந்தாலே மூன்று நாள் பேசாமல் இருப்பவர். "பூண்டு வேணும்கிற மட்டும் உரிச்சுப் போடுங்கம்மா அந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போனார். இப்போது இல்லமே பூண்டு வாடை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்த கண் என்னுடையது. இந்தப் பிள்ளைக்கு இருபது என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்க்கைப் படிவம் எழுதும்போது வயது கேட்டேன். "எந்த வயசு சிஸ்டர்? சர்டிபிகேட்ல இருக்கிறதா, அம்மா சொல்றதா?" என்றாள். சர்டிபிகேட்டில் 1.6.2003. நீ பார்த்துச் சேர்த்த பிள்ளைதானே, சரியாகத் தெரியுமா?

முழங்காலுக்கு நல்லெண்ணெய் போதாது, டாக்டரைப் பார்.

முத்துத்தாய்

---

திருமங்கலம்
11.3.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். கண்ணுச்சாமி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல். டாக்டரையும் பார்த்தேன். படி ஏறாதே என்கிறார். என் வீட்டில் படியே இல்லை.

வயது கேட்டிருந்தாய். பெற்றவர்கள் சொல்லும் வயதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வருஷம் ஒரு தாய் அண்ணன் தம்பி இருவரையும் சேர்க்கக் கொண்டுவந்தாள். இருவருக்கும் ஒரே வருஷத்தைச் சொன்னாள், நான்கு மாதம்தான் வித்தியாசம். "ஏம்மா, இது எப்படி?" என்றேன். "அப்ப ரெண்டாவத வேற மாசம் போட்டுக்கங்க டீச்சர்" என்றாள். இப்படித்தான் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் உள்ளதுதான் வயது.

சுந்தரம்மாள் வந்தால் பழைய சேலை நான்கு கொடுத்தனுப்புகிறேன், தூளிக்கு ஆகும். வெயில் ஏறுகிறது, மோர் குடி.

கனகலட்சுமி

---

தாய்சேய் இல்லம்
8.4.2024

அக்காவுக்கு,

சேலைகள் வந்தன. மோரும் குடிக்கிறேன்.

செல்வக்குமார் வீட்டார் நேற்று வந்தார்கள். அவன், அவன் அம்மா, தாய்மாமன் மொக்கைச்சாமி. ஒரு தார் வாழைப்பழம், ஒரு பை ஆரஞ்சு. கண்ணுச்சாமி ஐயாவின் முன்னால் மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்.

"பூட்டுனது தப்புதாங்கய்யா" என்றான் அவன். "தெரு சரியில்ல, பாதுகாப்புக்குத்தான்."

"இனிமே சாவிய அவ கையிலயே குடுத்துருவோம்" என்றாள் அவன் அம்மா.

பாண்டிச்செல்வி தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உள்ள இருக்கிறவ கையில சாவியக் குடுத்துட்டு வெளிய பூட்டுப் போட்டா, அத வச்சு நான் காது குடையவா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயாவுக்குக்கூட மீசை அசைந்தது. ஆனால் அவர் முடிவு வேறு. பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது பெரிய ஜீவகாருண்யம் என்பார். போன வருஷம் வந்த பதினோரு பெண்களில் எட்டுப் பேரைத் தாம்பூலத்தோடு புருஷன் வீட்டுக்கு அனுப்பினார். இவளையும் ஆறு மாதம் முடிந்ததும் ஆவணி முதல் தேதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போனபின் இவள் என் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "சிஸ்டர், அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீக. வேற எங்க வேணாலும் போறேன்" என்றாள்.

மாதம் ஒரு தடவை இலவசமாக வரும் வக்கீல் தமிழ்வாணி சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். பதினெட்டு முடிந்து நடந்த கல்யாணம் என்றால், அவன் சம்மதிக்காமல் விவாகரத்து வாங்க வருஷக்கணக்காகும். அதுவரை ஐயா வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கல்யாணத்தின்போது பதினெட்டு ஆகவில்லை என்றால், அந்தக் கல்யாணமே செல்லாது என்று அவள் கோர்ட்டில் கேட்கலாம். குழந்தையின் உரிமைக்குக் குறை வராது. ஒரே நிபந்தனை, அவளுக்கு இருபது முடிவதற்குள் மனுப் போட வேண்டும்.

அதனால் மறுபடி கேட்கிறேன். 1.6.2003 சரியா?

முத்துத்தாய்

---

திருமங்கலம்
27.4.2024

அன்புத் தங்கைக்கு,

சித்திரைத் திருவிழா நேரத்தில் உன்னைப் பார்க்க வரலாம் என்று நினைத்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது என்று பயந்து இருந்துவிட்டேன். நீ நலம்தானே? இங்கே வெயில் கடுமை. வேப்பமரம் மட்டும் எப்படியோ பூத்துக் கொட்டுகிறது. குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், வயிற்றுப்போக்கு வரும், பார்த்துக்கொள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கனகலட்சுமி

---

தாய்சேய் இல்லம்
3.7.2024

அக்காவுக்கு முத்துத்தாய் எழுதுவது.

மே மாதம் ஒன்று, ஜூனில் இரண்டு என மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய் என்றார்கள். ரேஷன் கடைக்குப் போய் வந்தாயாம்.

நீ என்னைத் தம்பி தங்கையோடு சேர்த்துச் சின்னப் பிள்ளையிலிருந்து மிரட்டி வளர்த்தவள். உன்னிடம் நான் எதையும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. இன்று கேட்கிறேன்.

சுந்தரம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மகள் பிறந்தது எப்போது என்று கேட்டேன். செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தபோது, சூளைக் கொட்டகையில் பிறந்தாளாம். ஆஸ்பத்திரி இல்லை, அட்டை இல்லை. "திருக்கார்த்திகை அன்னைக்கு சிஸ்டர். ஊரெல்லாம் விளக்கு வச்சிருந்தாக, எங்க கொட்டகையில மட்டும் சூளை நெருப்பு" என்றாள். எந்த வருஷம்? "சுனாமி வந்துச்சே, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

அது 2004 நவம்பர் 26. காலண்டரில் பார்த்துவிட்டேன். கல்யாணம் 2021 ஜூன் 11. பதினாறரை வயது, அக்கா.

"அப்ப சர்டிபிகேட்ல ஏன் மாத்திப் போட்டீங்க?" என்றேன். சுந்தரம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? "எங்களுக்கு என்ன சிஸ்டர் தெரியும்? டீச்சர்தான் வீடு வீடா நோட்டோட வந்தாக. சொன்னத எழுதிக்கிட்டுப் போனாக" என்றாள்.

ஆவணி பிறக்க ஆறு வாரம்தான். அந்த நோட்டு இருக்கிறதா?

முத்துத்தாய்

---

திருமங்கலம்
21.7.2024

முத்துத்தாய்க்கு,

நோட்டு இருக்கிறது.

கணக்குப் பாடத்தில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். வினாவிலிருந்து எடுத்து எழுதும்போதே ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால், அப்புறம் எவ்வளவு சரியாகக் கூட்டிப் பெருக்கினாலும் விடை தப்பாகத்தான் வரும். பிழையைக் கீழே தேடாதே, முதல் வரியைப் பார் என்பேன். அந்த முதல் வரியை எழுதியவள் நான்.

ஒவ்வொரு மே மாதமும் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போவோம். சுந்தரம்மாள் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறேன்: "பாண்டிச்செல்வி, த/பெ மலைச்சாமி, திருக்கார்த்திகை 2004". 2008 மேயில் அவளுக்கு மூன்றரை வயது. முதல் வகுப்புக்கு ஐந்து வயது காட்ட வேண்டும் என்று சேர்க்கைப் பதிவேட்டில் 1.6.2003 என்று எழுதினேன். அப்போதெல்லாம் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு ஜூன் ஒன்றாம் தேதி போடுவது எங்களுக்குள் வழக்கம். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வரும்.

அவள் நன்மைக்காகத்தான் செய்தேன். தாயும் தகப்பனும் களை எடுக்கப் போனால் அது வரப்பில் கிடக்கும். பள்ளிக்கு வந்தால் நிழல், மதியச் சோறு, முட்டை. முதல் மூன்று மாதம் என் மடியில்தான் தூங்கியது.

ஆனால் இதை இப்போது எழுத்தில் கொடு என்றால் எப்படி? அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியவள் என்று என் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். மலைச்சாமியை ஜெயிலில் போடுவார்கள். கண்ணுச்சாமி ஐயாவிடம் நீயே பேசி இன்னும் ஆறு மாதம் வாங்க முடியாதா? நீ சொன்னால் கேட்பார். இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும்.

கனகலட்சுமி

---

தாய்சேய் இல்லம்
30.7.2024

அக்காவுக்கு,

ஐயாவிடம் பேசினேன். "வாக்குக் குடுத்தாச்சும்மா. முறையா நடந்த கல்யாணம். நாளைக்கு நம்ம இல்லத்துக்குக் குடும்பத்தப் பிரிக்கிற எடம்னு பேர் வரக்கூடாது" என்றார். வயது தெரிந்தால் அனுப்ப மாட்டார். அதை நான் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

அவள் நன்மைக்காக என்று எழுதியிருக்கிறாய். 2008இல் நான் வாடிப்பட்டிப் பக்கம் வேலையில் இருந்தேன். நீ அப்போது தலைமையாசிரியை ஆகவில்லை, ரெண்டாவது டீச்சர். அந்த வருஷம் நீ எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. "பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, ஏழு பேர் கூடினால்தான் ரெண்டாவது டீச்சர் இடம் தங்கும், இல்லாவிட்டால் என்னைத் தூக்கி உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள்" என்று இருக்கிறது. ஜூலையில் இன்னொரு கடிதம்: "எண்ணிக்கை சரியாகிவிட்டது. பெருமாள் காப்பாற்றினார்." பெருமாளா காப்பாற்றினார்?

இன்னொன்று. நேற்றுப் பாண்டிச்செல்வி தூளியை ஆட்டிக்கொண்டே தானாகப் பேசினாள். "கல்யாணத்தன்னைக்கு ஆபீசர் வந்தாக சிஸ்டர். யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாக. நான் மணவறையில இருந்து டீச்சரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டீச்சர் எலையைப் பாத்துக்கிட்டு இருந்தாக."

அன்று என்ன நடந்தது அக்கா? நீ எனக்குச் சொன்னதே இல்லை.

முத்துத்தாய்

---

திருமங்கலம்
6.8.2024

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

என் வேலை இடத்துக்காகத்தான் செய்தேன். வீட்டிலிருந்து நடந்து போய், மதியம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்து போகிற வேலை. அது போய்விடக் கூடாது என்று ஏழு பிள்ளைகளின் வயதைக் கூட்டினேன். பாண்டிச்செல்வி மடியில் தூங்கியதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையைத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் கொரோனா நேரத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். முகூர்த்தத்துக்குச் சற்று முன் இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். மலைச்சாமி சான்றிதழைக் காட்டினான். பதினெட்டு முடிந்து பத்து நாள். ஒருத்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "இவ படிச்ச ஸ்கூல் ஹெச்.எம். இங்கதான இருக்காங்க" என்று யாரோ கைகாட்ட, அந்தப் பெண் என்னிடம் வந்து, "மேடம், இந்தத் தேதி சரிதானா? உங்களுக்குத் தெரிஞ்சு இந்தப் பொண்ணுக்குப் பதினெட்டா?" என்று கேட்டாள்.

இலை போட்டிருந்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிப் பதிவேட்டில் உள்ளதுதான் வயது" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். மேளம் கொட்டியது. நான் சாப்பிட்டேன். முத்துத்தாய், பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அதுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அதே வாக்கியத்தை மார்ச் மாதம் உனக்கும் எழுதினேன். எழுதும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழகிவிட்டது.

இத்துடன் அந்த நோட்டும், நடந்ததை எல்லாம் நானே எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட மூன்று பக்கமும் வருகின்றன. தபாலில் விடப் பயந்து சுந்தரம்மாள் கையில் கொடுக்கிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர், குடுங்க" என்றாள்.

தமிழ்வாணியிடம் கொடு. கண்ணுச்சாமி ஐயாவிடமும் காட்டு.

கனகலட்சுமி

---

தாய்சேய் இல்லம்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? பக்கத்து வீட்டில், சாயங்காலம் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்கிறார்கள். விளக்கைப் போடு.

ஆவணி முதல் தேதி செல்வக்குமார் வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். தட்டு, பூ, புதுச் சேலை. கண்ணுச்சாமி ஐயா அதற்கு முந்தின வாரமே உன் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டார். படித்த அன்று மதியம் சாப்பிடவில்லை. வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பதினாறு வயசுல தாலி கட்டுன பிள்ளைய நான் தாம்பூலம் வச்சு அனுப்ப இருந்தேன். தெரியாம செய்ய இருந்த பாவத்துக்கே எனக்குத் தூக்கம் வரல. பிள்ளைய அனுப்ப மாட்டேன், கோர்ட்டுல பாத்துக்கங்க" என்றார்.

மொக்கைச்சாமி, "அய்யா, வாக்கு மாறலாமா?" என்றார்.

"மாறுறேன். எழுதிக்கங்க" என்றார் ஐயா.

தமிழ்வாணி மனுப் போட்டுவிட்டாள். நவம்பர் 26க்கு நிறைய நாள் இருக்கிறது. இப்படி ஒன்று தெரிந்தபின் போலீசுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். சொல்லிவிட்டாள். செல்வக்குமார் மேலும், கல்யாணம் செய்து வைத்தவன் என்று மலைச்சாமி மேலும் வழக்கு. மலைச்சாமி ஜாமீனில் வந்து மகளைப் பார்த்தான். குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, போகும்போது என்னிடம் மட்டும், "டீச்சர் போட்ட தேதிய நம்பித்தாம்மா தைரியமா பத்திரிகை அடிச்சேன். அவுக மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றான்.

உன்னிடம் மறைக்காமல் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

பாண்டிச்செல்விக்கு ஒரு தையல் கூடத்தில் வேலை பேசியிருக்கிறோம். வழக்கு முடியும்வரை இங்கேயே தங்கலாம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "கோர்ட்டுல டீச்சர் வாயால சொல்லட்டும், அப்ப கேட்டுக்கிறேன்" என்றாள்.

முத்துத்தாய்

---

திருமங்கலம்
4.1.2025

அன்புத் தங்கைக்கு,

நேற்றுக் கோர்ட்டில் உன்னைப் பார்த்தும் உட்கார்ந்து பேச நேரமில்லை. கோர்ட்டு உள்ளே நடந்தது உன் காதுக்குப் பாதி கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். ஓய்வூதியம் பற்றிக் கவலைப்படாதே. கல்வி அலுவலகத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நடந்ததைப் பதிலாக எழுதிப் போட்டுவிட்டேன். நிறுத்தினால் நிறுத்தட்டும்.

தமிழ்வாணி கேட்டவற்றுக்கெல்லாம் சொன்னேன். அப்புறம் செல்வக்குமாரின் வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்றார். அன்றைக்கு எழுதியது என்றேன். "கல்யாணப் பந்தல்ல அதிகாரிகிட்டச் சொன்னது?" அதுவும் என்றேன். இந்தத் தடவை நிமிர்ந்துதான் சொன்னேன். பாண்டிச்செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

என்னைப் பொய்க்காரி ஆக்கினால் நோட்டும் பொய்யாகிவிடும் என்று அந்த வக்கீல் நினைத்தார். "இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் மாத்துனீங்களா, இல்ல இது உங்க வழக்கமா?" என்றார். அந்த வருஷம் ஏழு பேருக்கு மாற்றினேன், மூன்று ஆண், நான்கு பெண், ஏழு பேரின் சரியான வயதும் அந்த நோட்டிலேயே இருக்கிறது என்றேன். நீதிபதி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அடுத்த வாய்தா பிப்ரவரி. தமிழ்வாணிக்கு நம்பிக்கை இருக்கிறது.

நான் எழுத வந்தது இனிமேல்தான். வெளியே நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாண்டிச்செல்வி குழந்தையோடு எதிரில் வந்து நின்றாள். ஆகஸ்டிலிருந்து அவள் என்னிடம் பேசும் முதல் பேச்சு இது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்க வரவில்லை.

"நாலு பொம்பளப் பிள்ளையா டீச்சர்? யார் யாரு?"

சொன்னேன். இரண்டு பேர் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார்கள், அவளுக்கே தெரியும். மூன்றாவது அவள். நான்காவது அஸ்வினி என்றதும் அவள் முகம் மாறியது.

"அஸ்வினிக்கும் எனக்கும் ஒரே மாசத்துலதான கல்யாணம்! மேலூர்ப் பக்கம் குடுத்தாக. ரெண்டு பிள்ள. ஒரு வருஷமா போனே எடுக்க மாட்டேங்கிறா. அவ எப்பப் பொறந்தா டீச்சர்?"

நோட்டில் எழுதியது எனக்கு மனப்பாடம். 2005 மாட்டுப் பொங்கல். ஜனவரி 15.

பாண்டிச்செல்வி விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள். நானும் எண்ணிவிட்டேன். அஸ்வினிக்கு இருபது முடிய நேற்றிலிருந்து பன்னிரண்டு நாள். நடுவில் பொங்கல் விடுமுறை. பதின்மூன்றாம் தேதிக்குள் மனு உள்ளே போயாக வேண்டும் என்கிறாள் தமிழ்வாணி.

அஸ்வினி நன்றாகவே இருக்கலாம். புருஷன் தங்கமானவனாக இருக்கலாம். போய்ப் பார்த்து அப்படி இருந்தால், அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆனால் அவளுடைய வயது என்னவென்று அவளிடம் சொல்லாமல் திரும்ப மாட்டேன். அதற்கப்புறம் அவள் இஷ்டம்.

அஸ்வினியின் அப்பா எனக்கு ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. "எங்க வீட்டுலயும் போலீசக் கொண்டாந்து விடப் பாக்குறீகளா?" என்று கதவைச் சாத்திவிட்டார். நியாயம்தான். பாண்டிச்செல்விதான் கல்யாணப் பத்திரிகையின் படத்தைப் போனில் தேடி எடுத்து ஊரைச் சொன்னாள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். நான் தனியாகப் போனால் டீச்சர் என்று உட்கார வைத்து உபசாரம் செய்து அனுப்பிவிடுவார்கள், அஸ்வினி வாயைத் திறக்க மாட்டாள் என்கிறாள். குழந்தையை உன்னிடம் விட்டுவிட்டுத் தானும் வருகிறாளாம். என் மேல் இரக்கப்பட்டு இல்லை. அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டாள்: "உங்களுக்காக வரல டீச்சர்."

தபால் நேரத்துக்கு வராது, சுந்தரம்மாள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் நான் இல்லத்து வாசலில் இருப்பேன். பாப்பாவுக்குப் பால் காய்ச்சி வை. பாண்டிச்செல்வியைத் தயாராக இருக்கச் சொல்.

உன் அக்கா
கனகலட்சுமி